உயர்ந்த தோற்றம் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

உணவு, பான விளம்பரங்களின் காட்சி வடிவமைப்பைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஏறக்குறைய ஒரே விலையில் விற்கும் இரண்டு காபித்தூள்களின் விளம்பரங்களைச் செய்தித்தாளில் அருகருகே பார்த்தேன். இரண்டிலும் புகைப்படம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் ஒன்று உயர்தரமாகவும் மற்றொன்று சாதாரணச் சரக்காகவும் தோன்றியது ஏன்?
– கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பெரும்பாலும் படத்தைச் சுற்றி விடப்பட்டிருக்கும் இடமே இதற்குக் காரணம். செய்தித்தாள் விளம்பரத்திற்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் பணம் கட்ட வேண்டியிருப்பதால், தான் வாங்கிய இடத்தின் ஒவ்வொரு மூலையையும் பயன்படுத்திவிட வேண்டும் என்ற பதற்றம் விளம்பரம் தருபவருக்கு இயல்பாகவே வருகிறது. மேலே விருது முத்திரை, பக்கத்தில் நட்சத்திர வடிவத்துக்குள் "20% கூடுதல்", கீழே கிளைகளின் முகவரிகள், அதற்கும் கீழே கைப்பேசி எண்கள் என்று பக்கம் நிறைந்துவிடுகிறது. அதே பணத்தைக் கட்டி வாங்கிய இடத்தில் முக்கால் பங்கை ஒன்றும் அச்சிடாமல் விட்டுவைக்கும் நிறுவனம், தனக்கு அவசரம் இல்லை என்பதையும், தன் பெயரைக் கூவிச் சொல்லத் தேவையில்லை என்பதையும் வாய் திறக்காமலே தெரிவித்துவிடுகிறது. ஜான் பிரசியஸ், டக்ளஸ் ஓல்சன், தாமஸ் ஓகின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. வெற்றிடம் மிகுந்த விளம்பரத்தைப் பார்த்தவர்கள், அதைத் தந்த நிறுவனத்தை மதிப்பு மிக்கதாகவும், சந்தையில் வலிமை உடையதாகவும், நம்பத்தக்கதாகவும் எடைபோட்டார்கள். வெற்றிடத்துக்கு இந்தப் பொருள் இயற்கையாக அமைந்துவிடவில்லை என்பதும், இருபதாம் நூற்றாண்டின் எளிமைக் கட்டடக் கலையும் ஓவியக் கலையும் நம் கண்ணை இப்படிப் பழக்கியிருக்கின்றன என்பதும் அவர்கள் எடுத்துக்காட்டிய முக்கியமான செய்தி.

அடுத்த காரணம் எழுத்து. தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறி மாறி வரும் ஒருவகை ரோமன் எழுத்துகளை விலையுயர்ந்த சாக்லேட், ஒயின் விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பார்மா நகரில் கியாம்பட்டிஸ்டா போடோனியும், பாரிசில் டிடோ குடும்பத்தாரும் வார்த்த எழுத்துகளின் வழிவந்தவை அவை. அந்த மயிரிழைக் கோடு உடையாமல் பதிவதற்கு வழவழப்பான தாளும், நல்ல மையும், கைதேர்ந்த அச்சரும் தேவைப்பட்டார்கள். மலிவான தாளில் அந்தக் கோடு காணாமல் போய்விடும். ஆகவே அந்த எழுத்து கண்ணில் பட்டாலே செலவு செய்து அச்சிட்டது என்ற எண்ணம் எழும் பழக்கம் உருவாயிற்று. திரையில் எந்த எழுத்தும் ஒரே செலவில் தெரிகிற இந்தக் காலத்திலும் அந்தப் பழக்கம் விலகவில்லை.

நீங்கள் பார்த்த இரண்டு விளம்பரங்களையும் மீண்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துருக்கள், எத்தனை வண்ணங்கள், எத்தனை செய்திகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சாதாரணமாகத் தோன்றியதில் இந்த மூன்று எண்ணிக்கையும் கூடுதலாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: சாக்லேட், காபி, மது வகைகள் என்று விலை கூடிய பொருள் எதுவாக இருந்தாலும் கருப்புப் பின்னணியில் காட்டுகிறார்களே, இது யார் தொடங்கிய வழக்கம்? நம் ஊரில் கருப்பு நிறத்தை மங்கலம் அல்லாததாகக் கருதும்போது இது எப்படி எடுபடுகிறது?
– மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: இதன் வேரைத் தேடிப் போனால் புகைப்படம் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகள் முந்தைய ஹாலந்துக்குப் போக வேண்டியிருக்கும். 1620களிலும் 1630களிலும் ஹார்லம் நகரத்து ஓவியர்களான பீட்டர் கிளாசும் வில்லெம் கிளாஸ் ஹேடாவும், உண்டு பாதியில் விட்ட மேசைகளை வரைந்தார்கள். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை ஆகிய மிகச் சில வண்ணங்கள். பாதி தோலுரித்த எலுமிச்சை. சன்னல் வெளிச்சம் சிறு சதுரமாகப் பிரதிபலிக்கும் ஒயின் கண்ணாடி. மேசை விளிம்புக்கு வெளியே சற்றே நீண்டிருக்கும் ஈயத் தட்டு. அவர்களுக்குப் பின் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த வில்லெம் கல்ஃப் பின்னணியை ஏறக்குறைய முழு இருட்டாக்கி, அதற்குள்ளிருந்து சீனப் பீங்கானும், வெள்ளித் தட்டும், எலுமிச்சையின் மஞ்சளும் ஒளிர்ந்து வெளிவரும்படி வரைந்தார். அந்தப் பீங்கானைக் கடல் கடந்து கொண்டுவந்தது டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து வாணிகம் செய்த அதே நிறுவனம்தான். அந்த மேசைகளில் இருந்தவை எல்லாம் தொலைதூர வாணிகத்தால் வந்த செல்வத்தின் அடையாளங்கள். இன்றைய மதுபான விளம்பரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும் வெளிச்சம், இருண்ட பின்னணி, சுருளாகத் தொங்கும் எலுமிச்சைத் தோல், யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போன்ற மேசை ஆகியவற்றைக் காணும்போதெல்லாம் அந்த ஓவியர்களின் கை எனக்குத் தெரிகிறது. நூற்றாண்டுகளாக அருங்காட்சியகச் சுவர்களில் பார்த்துப் பார்த்து, இந்த வெளிச்சத்தையே மதிப்புக்குரியதாக ஐரோப்பியக் கண் ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சும் திரையும் அதை நமக்கும் கொண்டுவந்து சேர்த்தன.

விளம்பரத்திற்குள் கருப்பு நிறத்தை உறுதியாகக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், இத்தாலியில் பிறந்து பாரிசில் பணியாற்றிய லியோனெட்டோ கப்பியெல்லோ. கிளாஸ் என்ற சாக்லேட் நிறுவனத்துக்காக 1903இல் அவர் வரைந்த சுவரொட்டியில், பச்சை உடை உடுத்திய ஒரு பெண் சிவப்புக் குதிரையின் மேல் அமர்ந்திருக்கிறாள். பின்னணி முழுவதும் கருப்பு. குதிரைக்கும் சாக்லேட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் பூக்களும் கொடிகளும் நுணுக்கமான காட்சிகளும் நிறைந்த சுவரொட்டிகள் ஒட்டியிருந்த பாரிஸ் தெருவில், விரைந்து செல்லும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்கும் அந்தக் குதிரை ஒரு நொடியில் மனத்தில் பதிந்தது. 1921இல் கம்பாரி பானத்துக்காக ஆரஞ்சுத் தோல் சுருளுக்குள் சுழன்றாடும் ஒரு கோமாளியை வரைந்தபோதும் அவர் இருண்ட பின்னணியையே நாடினார்.

கருப்புக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு; அது மரபைவிட வலுவானது என்றே சொல்வேன். காபியிலிருந்து எழும் ஆவி மிகச் சிறிய நீர்த்துளிகளால் ஆனது. பின்பக்கத்திலிருந்து வரும் ஒளியை அத்துளிகள் முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. பின்னணி வெண்மையாக இருந்தால் அந்த வெண்படலம் அதில் கரைந்து மறையும். இருட்டாக இருந்தால்தான் ஆவி ஆவியாகத் தெரியும். கண்ணாடிக்கும் இதுவே பொருந்தும். பின்னால் கருப்புத் துணியைக் கட்டி, இரு பக்கங்களிலிருந்தும் வெளிச்சம் கொடுத்தால், கண்ணாடியின் விளிம்புகள் மட்டும் வெள்ளிக் கோடுகளாக எழுந்து கோப்பையின் வடிவத்தை வரைந்து காட்டும். உள்ளே இருக்கும் பானம் ஒளிர வேண்டுமென்றால், கோப்பைக்குப் பின்னால் அதைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டிய வெள்ளை அட்டையையோ வெள்ளித் தாளையோ, கேமராவுக்குத் தெரியாதபடி மறைத்து வைப்பார்கள். சாக்லேட் தானே கருமையானது என்பதால் பின்னாலிருந்து தாழ்வான கோணத்தில் ஒரு விளக்கு தேவைப்படுகிறது. அது தரும் மெல்லிய ஒளிவிளிம்பு இல்லாவிட்டால் சாக்லேட் பின்னணிக்குள் மூழ்கிவிடும். அந்த விளிம்பே அதன் வழவழப்பையும் பளபளப்பையும் நமக்குக் காட்டுகிறது.

மங்கலம் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. சாக்லேட் பெட்டியில் எடுபடும் கருப்பு, திருமண விருந்துக்கான இனிப்புப் பெட்டியில் எடுபடாமல் போகலாம். அங்கே ஆழ்ந்த அரக்குச் சிவப்போ, கரும்பச்சையோ, மயில்நீலமோ அதே பணியைச் செய்யும். பின்னணி பொருளைவிட இருண்டதாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும் என்பதுதான் தேவை.

கேள்வி: பல வண்ணங்களைப் பயன்படுத்தினால் விளம்பரம் மலிவாகிவிடும் என்று என் மகள் சொல்கிறாள். உண்மையா?
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: வண்ணங்களின் எண்ணிக்கையைவிட, எந்த வண்ணத்துக்கு முதலிடம் என்று வடிவமைப்பாளர் முடிவு செய்திருக்கிறாரா என்பதையே நான் பார்ப்பேன். இதற்கு நான் மிக விரும்பும் சான்று ஜப்பானில் இருக்கிறது. இன்று சன்டோரி என்று அறியப்படும் நிறுவனம் கோடோபுகியா என்ற பெயரில் இயங்கிய காலத்தில், அகடாமா என்ற இனிப்பு ஒயினுக்காக 1922இல் ஒரு சுவரொட்டி வெளியிட்டது. தோள்கள் திறந்த ஒரு பெண், கையில் ஒயின் கோப்பையுடன் நம்மைப் பார்க்கிறாள். அக்கால ஜப்பானில் அது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஆனால் வடிவமைப்பின் நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது. பெண்ணின் முகம், தோள், பின்னணி எல்லாம் மங்கிய பழுப்பில் இருக்க, கோப்பையிலுள்ள ஒயின் மட்டும் சிவப்பாக இருக்கிறது. நம் கண் எங்கெங்கோ சென்றாலும் இறுதியில் அந்தச் சிவப்புக்கே வந்து சேர்கிறது. நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்தச் சுவரொட்டி பழையதாகத் தோன்றாமல் இருப்பதற்கு அந்த ஒரு முடிவுதான் காரணம் என்று கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறாக, 1890களின் இறுதியில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூக்கா ஷாம்பெயினுக்கும் பிஸ்கட்டுக்கும் வரைந்த சுவரொட்டிகளில் வண்ணங்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றிலும் சிறிது மஞ்சளும் பழுப்பும் கலந்திருப்பதால் அனைத்தும் ஒரே மாலை வெயிலில் நனைந்தவை போல் தோன்றுகின்றன, ஒன்றையொன்று முந்தவில்லை. உங்கள் மகள் சொல்வது பாதி சரி. முழு வீரியமுள்ள சிவப்பும், மஞ்சளும், பச்சையும் சம அளவில் ஒரே பக்கத்தில் நின்றால் சண்டைதான் மிஞ்சும்.

வண்ணம் நாக்கையும் தொடுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸ் பங்கேற்ற ஓர் ஆய்வில், ஒரே ஸ்ட்ராபெரி இனிப்பை வெள்ளைத் தட்டில் உண்டவர்கள், கருப்புத் தட்டில் உண்டவர்களைவிட அதிக இனிப்பாக உணர்ந்தார்கள்.

கேள்வி: விளம்பரத்தில் காட்டுவது உண்மையான உணவுதானா? பசையையும் எண்ணெயையும் வைத்துப் படமெடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.
– திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கேள்விப்பட்டதில் உண்மை உண்டு, ஆனால் அதற்கு ஒரு எல்லையும் உண்டு. குளிர்பானப் புட்டியின் மேல் நிற்கும் நீர்த்துளிகள் பெரும்பாலும் கிளிசரின் கலந்த நீர். வெறும் நீர் என்றால் விளக்கின் சூட்டில் வழிந்தோடிவிடும். பனிக்கட்டி அக்ரிலிக்கால் செய்தது. உருகாது, உள்ளே வெண்படலமும் இராது. காலை உணவுத் தானியங்களைப் படமெடுக்கும்போது அவை ஊறிப் போகாமல் இருக்கப் பாலுக்குப் பதிலாக வெள்ளைப் பசையை ஊற்றுவதும், வேறு பொருளுக்கான விளம்பரத்தில் ஐஸ்கிரீம் தேவைப்பட்டால் மசித்த உருளைக்கிழங்கை உருட்டி வைப்பதும் பழைய நடைமுறைகள். சூடான விளக்குகளின் கீழ் மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்த காலத்தில் இவை பிறந்தன. சூடு குறைந்த எல்.இ.டி. விளக்குகளும் டிஜிட்டல் கேமராவும் வந்த பிறகு, உண்மையான உணவையே விரைந்து படமெடுத்துவிடுவது எளிதாகியிருக்கிறது. உணவை அலங்கரிக்கும் ஃபுட் ஸ்டைலிஸ்ட், வெளிச்சத்தைச் சரிசெய்யும் வரை ஒரு மாற்றுத் தட்டை வைத்திருந்து, எல்லாம் தயாரான பின்பே "ஹீரோ" என்று தொழிலில் அழைக்கப்படும் சிறந்த தட்டைக் கொண்டுவருவார். தோசையைப் போல் சில நிமிடங்களில் மொறுமொறுப்பு போய்விடும் பண்டத்துக்கு இது இன்றியமையாதது.

எல்லை எதுவென்றால், விற்கப்படும் பொருளைப் பற்றிப் பொய்யான எண்ணம் எழக்கூடாது என்பதே. அமெரிக்காவில் 1968இல் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டார்கள். காய்கறித் துண்டுகள் அடியில் தங்காமல் மேலே மிதந்ததால், சூப்பில் இருப்பதைவிட அதிகக் காய்கறிகள் இருப்பதாகத் தோன்றியது. கிண்ணத்தில் இருந்தது உண்மையான சூப்தான், உண்மையான காய்கறிதான். ஆனாலும் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதைத் தவறாக வழிநடத்தும் செயலாகக் கண்டது. 1970இல் அந்த வழக்கு ஆணையத்தின் உத்தரவோடு முடிந்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க முடியும். அழகுபடுத்துவது வேறு, கூட்டிக் காட்டுவது வேறு என்ற இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக விரும்புகிறேன். வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தவுடன் ஏமாற்றமடைபவர், அந்த அழகிய படத்தையே ஏமாற்றின் சான்றாக நினைவில் வைத்திருப்பார்.

கேள்வி: கோப்பையின் கைப்பிடியும் கரண்டியும் எப்போதும் வலப்பக்கமே இருப்பது தற்செயலா?
– சென்னையிலிருந்து ஒரு வாசகி

பதில்: இல்லை. ரயன் எல்டர், ஆராதனா கிருஷ்ணா ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, பார்ப்பவர் வழக்கமாகப் பயன்படுத்தும் கையின் பக்கமாகவே கைப்பிடியோ கரண்டியோ இருந்தால், அதை எடுத்து உண்பதாக மனம் தானாகவே கற்பனை செய்துகொள்கிறது. வாங்கும் விருப்பமும் கூடுகிறது. கோணத்துக்கும் இதுபோன்ற கணக்கு உண்டு. உயரமான கோப்பையைக் கண்மட்டத்தில் அல்லது சற்றுத் தாழ்வாக நின்று எடுப்பார்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, செங்குத்தாக ஓங்கி நிற்கும் வடிவங்கள் பொருளின் மதிப்பையும் எதிர்பார்க்கும் விலையையும் உயர்த்துவதாகக் கண்டது. தட்டில் பரிமாறிய உணவை, உண்ண அமர்ந்தவர் காணும் சாய்வில் எடுப்பதே இயல்பானது.

கேள்வி: தமிழ்நாட்டிலேயே விற்கும் உயர்விலைப் பண்டங்கள்கூடத் தம் பெயரை ஆங்கிலத்தில்தான் பெரிதாக எழுதுகின்றன. தமிழ் எழுத்தில் அந்தத் தோற்றம் வராது என்று ஒரு வடிவமைப்பாளர் என்னிடம் சொன்னார். தங்கள் கருத்து என்ன?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அந்த வடிவமைப்பாளரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ரோமன் எழுத்துக்கு வகுத்த உத்திகளைத் தமிழ் மேல் அப்படியே ஏற்றிப் பார்த்துவிட்டு, பொருந்தாதபோது தமிழைக் குறை சொல்கிறோம். ரோமன் எழுத்தில் உயர்ந்த தோற்றத்துக்கு மிக எளிய வழி, பெயரைப் பெரிய எழுத்துகளால் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே தாராளமாக இடம் விடுவது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. எழுத்துகளுக்கு இடையே இடத்தைக் கூட்டினாலோ, கொம்பும் காலும் தம் மெய்யெழுத்தை விட்டு விலகி, "கொ" என்பது மூன்று தனித்தனித் துண்டுகளாகச் சிதறிவிடுகிறது. வடிவமைப்பு மென்பொருளில் அந்த அளவை ஓர் எல்லைக்கு மேல் நகர்த்துவது தமிழுக்குச் செய்யும் தீங்கு. காற்றோட்டம் வேண்டுமென்றால் எழுத்துக்கு இடையே தேடாமல், வரிக்கு மேலும் கீழும் தேட வேண்டும். "கீ", "நீ" ஆகியவற்றின் சுழி மேலே போகிறது. "து", "ழு", "நூ" ஆகியவற்றின் வால் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்கு வைக்கும் அதே வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். அந்த நெரிசலைப் பார்த்துத்தான் பலர் தமிழ் அழகாக வரவில்லை என்கிறார்கள்.

தடிப்பும் மெலிவும் மாறி வரும் அமைப்பையும் தமிழுக்குக் கட்டாயமாகக் கொண்டுவரத் தேவையில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து என்பதால் நம் எழுத்தின் கோடு இயல்பிலேயே ஒரே பருமன் உடையது. அதன் அழகு வளைவில் இருக்கிறது. "ழ", "ஞ", "ணை", "ஐ" ஆகியவற்றை மெல்லிய ஒற்றைக் கோட்டில், போதிய அளவு பெரிதாக எழுதி, சுற்றிலும் இடம் விட்டுப் பாருங்கள். அந்த வளைவுகளுக்கு இணையாக ரோமன் எழுத்தில் எதுவும் இல்லை என்பது என் துணிபு. கட்டமரன், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் மெல்லிய எடையிலிருந்து தடித்த எடை வரை கிடைக்கிறது. இருந்தும் நம் விளம்பரங்களில் எழுத்தைத் தடிமனாக்கி, அதற்கு வெள்ளைக் கரை கட்டி, நிழல் போட்டு, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு வண்ணம் ஓட விடுகிறோம். இது சுவர் விளம்பரங்களிலிருந்தும் திரைப்படப் பதாகைகளிலிருந்தும் வந்த பழக்கம். சாலையின் மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டிய இடத்தில், கையால் எழுதிய ஓவியர்கள் செய்த அந்த வேலை மிகச் சிறந்த கலை. அவர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. கையில் பிடித்துப் பார்க்கும் இனிப்புப் பெட்டிக்கு அந்தக் குரல் தேவையில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

சொற்களின் நீளம் உண்மையான சிக்கல்தான். "கருப்பட்டி அதிரசம்" என்பதை ஒரே வரியில் திணித்தால் எழுத்து சிறுத்துவிடும். இரண்டு வரியாகப் பிரித்து, இடப்பக்கம் ஒழுங்குபடுத்தி, முதற்சொல்லைச் சற்றுச் சிறிதாகவும் இரண்டாவது சொல்லைப் பெரிதாகவும் வைக்கலாம். ஒரு சொல்லை நடுவில் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யக்கூடாது.

கேள்வி: குறைவாகக் காட்டுவதே உயர்வு என்கிறீர்கள். ஆனால் வாழை இலை நிறையப் பரிமாறுவதுதானே நமக்கு உயர்வு?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மிக நல்ல கேள்வி. பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் ஒரு கைப்பிடி சாதமும் அதைச் சுற்றிக் கோடு இழுத்தாற்போல் சாம்பாரும் வைத்துப் படமெடுத்து அதை உயர்ந்த தோற்றம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படத்தில் விருந்தோம்பல் இல்லை. இலைச் சாப்பாட்டின் உயர்வு அதன் ஒழுங்கில் இருக்கிறது. நுனி உண்பவரின் இடப்பக்கம்; மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல்; கீழ்ப் பாதியில் சோறு. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் இருப்பதால் எத்தனை வகை வைத்தாலும் இலை குழம்புவதில்லை. வில்லெம் கல்ஃப் போன்றவர்கள் வரைந்த மேசைகளும் பொருள்களால் நிறைந்தவையே. பின்னணியும் வெளிச்சமும் அவற்றைக் கட்டிவைக்கின்றன. இலையின் பச்சையே உங்கள் பின்னணி. அதைக் கழுவித் துடைத்து, நேர் மேலிருந்து, ஒரு பக்கச் சன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். சுற்றிலும் பித்தளைக் குத்துவிளக்கு, மல்லிகைப் பூ, பட்டுத் துணி என்று அடுக்க வேண்டாம். அவை வந்தால் உணவு இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

டவரா, டம்ளர் பற்றியும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். பித்தளையும் எவர்சில்வரும் எதிரே இருக்கும் எல்லாவற்றையும் பிரதிபலிப்பதால், படமெடுப்பவரின் சட்டைகூட டம்ளரில் தெரியும். வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு அதன் வழியாக வெளிச்சத்தை வரவிட்டால், உலோகத்தில் அந்த வெண்மை மட்டும் நீண்ட மென்மையான பட்டையாக விழும்.

கேள்வி: வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறேன். பெரிய செலவு செய்ய வசதி இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் பொட்டலத்தில் ஒட்டும் லேபிளும் தரமாகத் தோன்ற என்ன செய்யலாம்?
– காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தில் ஐந்து பண்டங்கள், ஒரு பூந்தொட்டி, ஒரு மேசை விரிப்பு ஆகியவை இருக்கின்றன. ஒரு படத்துக்கு ஒரு பண்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். காலை அல்லது பிற்பகலில் நேர் வெயில் விழாத சன்னலின் அருகே ஸ்டூல் ஒன்றைப் போட்டு, அதன் மேல் கரும்பழுப்பு அல்லது கருப்புச் சார்ட் தாளை, மடிப்பு விழாதபடி பின்னால் சுவரில் ஏறும் வண்ணம் வளைத்து ஒட்டுங்கள். சன்னல் இடப்பக்கம் இருந்தால், வலப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். இருண்ட பக்கத்துக்கு அது தேவையான அளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் அதிரசத்தின் செம்பழுப்பு நிறம் பச்சை பாய்ந்து தெரியும். கைப்பேசியின் ஃப்ளாஷ் கூடவே கூடாது. முறுக்கின் முட்களும் வளையங்களும் பக்கவாட்டு வெளிச்சத்தில் மிக நன்றாக எழுந்து வரும். முறுக்குகளைச் சற்றுச் சாய்த்து அடுக்கி, ஒன்றை உடைத்து முன்னால் வையுங்கள். உடைந்த இடம்தான் மொறுமொறுப்பைச் சொல்லும். அதிரசம் என்றால் அதன் மேலுள்ள எண்ணெய்ப் பசையை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் படமெடுங்கள்.

லேபிளுக்கு ஓர் எழுத்துருவும் ஒரு வண்ணமும் போதும். பளபளப்பான லேமினேஷனைவிட மேட் லேமினேஷன் கண்ணுக்கு அமைதியாக இருக்கும். பொன்னிறம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண அச்சில் பொன்னிறம் மங்கிய கடுகு நிறமாகத்தான் வரும். சூடான அச்சால் ஒட்டும் பொன்தகடு போடச் செலவு கூடும் என்பதால், பொன்னை இப்போதைக்கு விட்டுவிட்டு, நல்ல கெட்டித் தாளில் அரக்குச் சிவப்பு ஒன்றால் மட்டும் அச்சிடுங்கள். முன்பக்கத்தில் பண்டத்தின் பெயர், உங்கள் கடையின் பெயர், சைவ உணவுக்கான பச்சைக் குறி ஆகியவை இருந்தால் போதும். சேர்பொருள்கள், எடை, விலை, தயாரித்த நாள், எந்த நாள் வரை உண்ணலாம் என்ற குறிப்பு, முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் போன்ற சட்டம் கேட்கும் செய்திகளைப் பின்பக்கத்தில், படிக்கக்கூடிய அளவில், வரிசையாகத் தாருங்கள். அவற்றைச் சிறிதாக்கி மறைக்க முயல வேண்டாம். "பாட்டி கைமணம்", "நம்பர் ஒன் சுவை" போன்ற வாசகங்களை எடுத்துவிடுங்கள். கருப்பட்டி உடன்குடியிலிருந்து வருகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை அதிரசத்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் போடுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் லேபிளை உண்மையான அளவில் ஒரு தாளில் எடுத்து, பொட்டலத்தில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பண்டத்தின் பெயரைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.